ஆக்கினை

வேலையால் வந்ததும் அம்மாவின் கைகளில் குளோரின் மணக்கும். ஜெர்மன் பேசும் டீட்டிகோன் நகரில் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை. மேற்பார்வை பார்க்கும் பெண், அம்மா மடித்து அடுக்கிய துணிகளை வேண்டுமென்றே தரையில் கொட்டி, மறுபடியும் மடிக்கச் சொல்வாளாம். "அந்த மனிசியின்ரை ஆக்கினை தாங்கேலாமல் கிடக்கு" என்று அம்மா அழுவார். ஓயாத மழையையும் சாப்பாட்டில் மொய்க்கும் இலையானையும்கூட எங்களவர்கள் 'ஆக்கினை' என்பார்கள். ஆனால் அம்மா சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பாரம் என்பது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த துளசியை, நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கட்டும் என்று ஆசிரியை என் பக்கத்தில் இருத்தினார். "உன் தங்கச்சியா?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. "நானும் விளையாட வரட்டோ எண்டு எப்பிடிக் கேக்கிறது?" என்று துளசி கேட்டபோது, 'நான் நாறுகிறேன்' என்று பொருள்படும் ஜெர்மன் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு இடைவேளையிலும் அவள் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, அதுதான் விளையாட்டென்று நினைத்து அவளும் பின்னால் ஓடினாள். இரண்டு கிழமை கழித்து யாரோ அவளுக்குப் பொருளைச் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு வகுப்பில் அடிக்கடி தன் சட்டைக் கையை முகர்ந்து பார்ப்பாள்.

ஆசிரியை அம்மாவை அழைத்தார். அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாததால் மொழிபெயர்த்ததும் நான்தான். "உங்கள் மகள் துளசியை வதைக்கிறாள்" என்று அவர் சொன்னதை, "நான் துளசியோடை பகிடி விடுறனாம்" என்று வெறும் விளையாட்டாக மாற்றினேன்.

"பகிடிதானே" என்று அம்மா சிரித்துவிட்டார். ஆசிரியையின் முகம் சிவந்தது. அம்மா வெட்கத்தில் சிரிக்கிறார் என்று அவருக்கும் ஒரு பொய் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை துளசியின் தாய் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "அக்கா, உங்கட மகள் என்ரை பிள்ளையை ஆக்கினைப்படுத்துறாள். பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அவள் அழுதபடி" என்று தொடங்கி, நடந்தது முழுவதையும் வாசலில் நின்றே சொன்னார். அவர் போனபின் அம்மா என்னை அடிக்கவில்லை. "வேலையிலை ஒருத்தி, வீட்டிலை ஒருத்தி" என்றார், அவ்வளவுதான்.

கோடையில் துளசியின் குடும்பம் ஆரா என்ற வேறு ஊருக்குப் போய்விட்டது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா வேலையிடத்துக் கதைகளை என்னிடம் சொல்வதை அத்தோடு நிறுத்திவிட்டார். அதுவரை நான் வாசித்துக்காட்டிய ஜெர்மன் கடிதங்களையும் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பித்தார்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, போன மாதம், ஓயாத தோள்வலிக்காக அம்மாவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நான் வாய் திறக்குமுன், "மகள் வேண்டாம்" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டார். தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண் வந்தார். அந்தச் சலவை அறையில் பதினாறு ஆண்டுகள் தனக்கு நடந்ததையெல்லாம் முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் அம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து நாற்காலியில் இருந்தபடி நான் அதை முழுவதுமாக முதல்முறை கேட்டேன்.