புது டயரின் தாளம்

“...அது எஞ்சினுக்க சத்தம் இல்ல, வீலுக்குள்ளதாக்கும். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு இந்த எறக்கத்தில உருட்டிப் பாருங்க!” என்றாள் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி.

நெய்யாற்றின்கரை சர்ச்சில் ஒரு கல்யாணம். முதல் பாட்டை எடுத்துக்கொடுக்க வேண்டியவள் அவள்தான். நானோ காலையில்தான் பாறசாலையில் பின் டயரை மாற்றியிருந்தேன். கொஞ்ச தூரத்திலேயே ‘டக் டக்’ என்று ஆரம்பித்துவிட்டது. நட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பப் பார்த்தேன். திருப்பினால் அவள் பாட்டு போச்சு.

எஞ்சினை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. இறக்கம் முடிந்து வண்டியின் வேகம் குறையக் குறைய, அதுவும் மெதுவானது.

“கேட்டியளா? ஒரு சுத்துக்கு ஒரு அடி. தாளம் பிசகல்ல.”

இறங்கிப் பார்த்தோம். புது டயரின் வரிப்பள்ளத்தில் ஒரு ஜல்லிக்கல் சிக்கியிருந்தது.

“இத்தற நாளும் மொட்ட டயரிலல்லா ஓட்டினிய? கல்லு எங்க போய் மாட்டும்!”

ரோட்டோரத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தக் காது பாட்டுக்கு மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேனே!

அவள் கொண்டை ஊசியால் கல்லை நெம்பி எடுத்தாள். ஊசியை என் சட்டையிலேயே துடைத்துக் கொண்டையில் செருகினாள். வண்டி கிளம்பியதும், என் முதுகில் ‘டக் டக்’ என்று தட்டியபடி கல்யாணப் பாட்டைப் பாடத் தொடங்கினாள்.