பேனருக்கு ஒரு அப்பா

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது யூசுப் பாயின் போட்டோ ஸ்டூடியோ. அங்கே நீங்கள் என்றைக்காவது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்திருந்தால், உங்கள் தாடையை ஒற்றை விரலால் நிமிர்த்திவிட்ட பெண்மணிதான் வசந்தகுமாரி.

"காது தெரியணும். தோளைத் தளர்த்துங்க. சிரிக்காதீங்க. அவ்ளோதான், முடிஞ்சிது."

பதினான்கு வருடங்களாக இதே நாலு வார்த்தைதான். ஸ்டூலின் நான்கு கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். கேமரா நகராது. விளக்குகள் நகராது. பின்னால் வெள்ளைத் துணி. மனிதர்கள் மட்டும் வந்து வந்து போவார்கள். எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பருவை அழிப்பாள், கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைத் துடைப்பாள், இறங்கிய தோளை ஏற்றுவாள்.

"மூஞ்சியைத் திருத்துறதுல நம்ம வசந்தாவை அடிச்சிக்க ஆளே இல்ல சார்" என்று யூசுப் பாய் வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் ஒருநாள் அவள் வீட்டுக்குள்ளேயே நெருப்பு வைக்கப் போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அவள் கணவர் கஜபதிக்கு, அம்பத்தூரை அடுத்த பாடி என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் லேத் மிஷின் வேலை. கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு அறை வீடு. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்கும். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, ஒரு காலை, பல் தேய்த்து வாய் கொப்பளித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் இடது கடைவாய் வழியாக வழிந்துகொண்டிருந்தது. இடது கண் மூடவில்லை. முகவாதம் என்றார்கள். மாத்திரை, ஊசி, கன்னத்துக்குப் பயிற்சி, எல்லாம் பார்த்தார்கள். முக்கால்வாசி சரியானது. இடது உதடு மட்டும் லேசாக இறங்கியே இருந்தது; சிரித்தால் வலது பக்கம் மேலே போகும், இடது பக்கம் சும்மா இருக்கும்.

அன்றிலிருந்து கஜபதி சட்டைப் பையில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தால் கைக்குட்டை வாய்க்குப் போய்விடும். போட்டோ என்றால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இந்த நிலைமையில்தான் மகள் நிவேதிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆறு வாரத்தில் முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் பேனர் வைக்காவிட்டால் கல்யாணமே நடக்காத மாதிரி. மணமக்கள் நடுவில், இரண்டு பக்கமும் பெற்றவர்கள், கீழே சொந்தக்காரர்கள் வரிசையாக.

"அப்பா, அவங்க வீட்ல போட்டோ அனுப்பிட்டாங்க. நீங்கதான் பாக்கி" என்றாள் நிவேதிதா.

"எனக்கு பதிலா ரெண்டு ரோசாப்பூ போட்டுடும்மா. பாக்க நல்லா இருக்கும்."

"பூ போட்டா நீங்க செத்துட்டீங்கன்னு நினைப்பாங்கப்பா!"

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வேலைக்குப் போகிற, இருபத்தாறு வயதுப் பெண், பாவாடை கட்டிய நாளில் அழுத அதே மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

அந்த அழுகை கஜபதியை உருக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடையில் யாரும் இல்லாத நேரத்தில், மஞ்சள் டேப்புக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார்.

"நீ எடுக்கிறேன்றதால உக்கார்றேன் குமாரி. வேற எவன் சொன்னாலும் உக்கார மாட்டேன்."

"நான் பாத்துக்கிறேன். நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் அவள்.

பார்த்துக்கொண்டாள். எப்படித் தெரியுமா? கம்ப்யூட்டரில் அவர் முகத்தை நடுவில் நறுக்கினாள். நன்றாக இருக்கிற வலது பாதியை எடுத்துத் திருப்பிப் போட்டு இடது பக்கம் ஒட்டினாள். வலது கன்னத்து மச்சம் இரண்டாகிவிட்டது, ஒன்றை அழித்தாள். மூன்று மணி நேரம் அன்போடு, பசியைக்கூட மறந்து செய்தாள். முடித்தபோது திரையில் ஓர் அழகான மனிதர் இருந்தார். ஒரு கோணல் இல்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

மாலை வீட்டில் படத்தை நீட்டினாள். கஜபதி வாங்கிப் பார்த்தார். விளக்கடியில் போய் நின்று மறுபடி பார்த்தார்.

"யாரு இவரு?"

"இன்னாங்க, நீங்கதான்."

"நான் இல்லம்மே. எனக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி கீறாரு." படத்தை விளக்கடியிலிருந்து இறக்கினார். "நல்லா கீறாரு. நிவேக்கு அப்பாவா இவரையே மேடையில நிக்க வச்சிடு. நான் பின்னால குந்தி சாப்ட்டுட்டு போறேன்."

படத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று முதல் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மெல்லும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வசந்தகுமாரிக்குச் சோறு இறங்காது.

யூசுப் பாயின் மனைவி ஜமீலாவிடம்தான் அவள் இதைச் சொல்லி அழுதாள். ஜமீலா தினமும் காலையில் கொரட்டூர் ஏரிக்கரையில் நடக்கிறவள். சுருக்கென்று பேசுவாள்.

"ஏன்டி, பதினாலு வருஷமா நீ போட்டோவா எடுத்தே? முத்திரை குத்தினே. ஒரே வெளிச்சம், ஒரே தூரம், ஒரே மூஞ்சி. கேமராவைத் தூக்கிட்டு ஞாயித்துக்கிழமை என்கூட ஏரிக்கு வா. பாய்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"பறவையை எடுத்து நான் இன்னா பண்ணப் போறேன் அக்கா?"

"ஒண்ணும் பண்ணாதே. அதுகிட்ட காதைக் காட்டுன்னு சொல்லிப் பாரு."

முதல் ஞாயிறு வசந்தகுமாரி எடுத்த நாற்பத்திரண்டு படத்திலும் கொக்கு சரியாக நடுவில் நின்றது, சுவரில் அடித்த ஆணி போல. அதைச் சுற்றி வெறும் தண்ணீர். அவள் நெருங்க நெருங்க அது பறந்துவிட்டது. இரண்டாம் ஞாயிறு கரையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அசையவில்லை. கொக்கு அவளை ஒரு கல் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, தானாகவே பக்கத்தில் வந்தது. சூரியன் அவள் முதுகுப் பக்கம் இருந்தபோது அது வெறும் வெள்ளையாக விழுந்தது. நகர்ந்து பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது இறகு இறகாகத் தெரிந்தது. வெளிச்சத்தை நகர்த்த முடியாத இடத்தில் நாம்தான் நகர வேண்டும் என்ற சின்ன விஷயம், பதினான்கு வருடம் கழித்து அவளுக்குப் புரிந்தது.

பிறகு அவளை வீட்டில் பிடிக்க முடியவில்லை. காலையில் அம்பத்தூர் மார்க்கெட்டில் பூக்காரி மலைபோலக் குவித்து வைத்திருந்த சாமந்தியைப் படம் எடுத்தாள். பிளாஷ் போட்டதில் பூ வெளுத்துப்போனது. பிளாஷை அணைத்து, கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக ஒரு கீற்று வெயில் பூ மேல் விழும்வரை காத்திருந்தாள். "வாங்குறதுன்னா வாங்கு, இல்லைன்னா வழி உடு தாயி" என்று பூக்காரி திட்ட, அரைக் கிலோ சாமந்தியோடு வீட்டுக்கு வந்தாள்.

எதிர் வீட்டுக் குழந்தைகளை எடுத்தபோது பழக்க தோஷத்தில் "நேரா நில்லுங்க" என்று சொல்லிவிட்டாள். மூன்றும் பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருப்பது போல விறைத்துக்கொண்டன. கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்து கோலிக்குண்டு உருட்டினாள். கால் மணி நேரத்தில் குழந்தைகள் அவளை மறந்தன. அப்போது எடுத்த படத்தில் கடைக்குட்டியின் வாயில் இரண்டு பல் இல்லை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அதை அழிக்கக் கை போனது. போன கையை இழுத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பேனர்க்காரர் போன் செய்து, நாளைக் காலைக்குள் படம் வராவிட்டால் அச்சடிக்க முடியாது என்றார். அன்று மதியம் தாயும் மகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் படமே வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

"அப்பா மட்டும் இல்லாதது தனியா தெரியக் கூடாதும்மா. நீயும் வேணாம், விடு" என்றாள் நிவேதிதா. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதை அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று வசந்தகுமாரி கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி பாடிக்குப் போனாள். கேமரா தோளில் தொங்கியது.

ஷிப்ட் முடிந்து ஆட்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மேம்பாலத்துக்கு அடியில் சாய்ந்த வெயில் லாரிப் புழுதியில் பட்டு மஞ்சளாகப் பரவியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. அங்கே ஒரு சிரிப்புச் சத்தம்.

அந்தச் சத்தம்! ஒன்றரை வருடமாக அவள் வீட்டில் கேட்காத அதே சத்தம்!

கஜபதி டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். கூட வேலை செய்கிற துலுக்கானம் எதையோ நடித்துக் காட்டினான். கஜபதி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வலது பக்கம் மேலே போனது. இடது பக்கம் சும்மா இருந்தது. கைக்குட்டை பையிலேயே இருந்தது.

வசந்தகுமாரியின் கை தானாகக் கேமராவைத் தூக்கியது. முகம் தெளிவாக வந்துவிட்டது. விரல் பொத்தான் மேல் இருந்தது. ஒரு நொடி போதும். நிவேதிதாவுக்கு அப்பா கிடைத்துவிடுவார்.

அவள் அழுத்தவில்லை. கொக்கிடம் அனுமதி கேட்க வழியில்லை. இவரிடம் கேட்க வழி இருக்கிறதே. கேமராவை இறக்கிவிட்டு ரோட்டைக் கடந்தாள்.

அவளைப் பார்த்ததும் கஜபதியின் கை கைக்குட்டைக்குப் போனது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இன்னா குமாரி, இங்க?"

"துலுக்கானம் அண்ணே, இவரு தினமும் இப்படித்தான் சிரிப்பாரா?"

"இன்னா அண்ணி இப்பிடி கேட்டுட்ட! அண்ணாத்தே சிரிக்கலன்னா எங்களுக்கு டீயே எறங்காது."

"அப்ப ஊட்ல ஏங்க சிரிக்கிறதில்ல?"

கஜபதி கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இவனுங்க டீயப் பாக்குறானுங்க, என் மூஞ்சிய எவன் பாக்குறான்? நீ அப்பிடியா? எங்க கோணல், எவ்ளோ கோணல்னு அளந்துகினே கீற. காலையில எழுந்தா அளக்குற, ராத்திரி படுத்தா அளக்குற. நான் எங்க போய் சிரிக்கிறது, சொல்லு."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வசந்தகுமாரி ரோட்டோரம் நின்று அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே இல்லை. அவர் முகத்தை ஒன்றரை வருடமாக மூடி வைத்தது அந்தக் கைக்குட்டை இல்லை, தன் கண்கள்தான் என்று தெரிந்தபிறகு ஒரு பெண் அழாமல் எப்படி இருப்பாள்?

"தப்பு என்னோடதுதான். பேனர்ல நம்ம பேர் மட்டும் போதும்னு நிவே சொல்லிட்டா, அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா... ஒண்ணே ஒண்ணு எடுக்கட்டுமா? திருத்த மாட்டேன். உங்களுக்குப் புடிக்கலன்னா இங்கயே அழிச்சிடுறேன்."

கஜபதி அவளைப் பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எடு."

அவரை அவள் நகர்த்தவில்லை. நேராக நில்லுங்கள் என்று சொல்லவில்லை. வெயில் அவர் கன்னத்தில் பக்கவாட்டில் விழுகிற இடமாகத் தேடி, எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு டீ ஒன்று சொன்னாள். பேசினாள். கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்களைப் பற்றி, பட்டுப்புடவையைப் பற்றி.

துலுக்கானத்துக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாத்தே, ஹீரோ ரெடி. ஹீரோயின் எப்ப வரும்?"

"எதுத்தாப்ல குந்தி டீ குடிச்சிகினு கீது, கண்ணு தெரியலியாடா உனக்கு?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். வசந்தகுமாரி பொத்தானை அழுத்தினாள்.

கேமராவின் பின்பக்கத் திரையை அவரிடம் காட்டினாள். கஜபதி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வலது பக்கம் மேலே போயிருந்தது. இடது பக்கம் அப்படியே இருந்தது. இரண்டு கண்ணிலும் வெயில் இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கித் திரையை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். அழிக்கச் சொல்லப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"சட்டையைப் பாரு" என்றார் கஜபதி.

"என்னங்க?"

"எண்ணெய்க் கறை. இதோ, ஜேப்பு பக்கத்துல. சம்பந்தி ஊட்டுக்காரங்க அம்மாம் பேரு பாக்குற பேனரு. கறையோடவா நிக்கிறது? இன்னொண்ணு எடு." திரும்பி நண்பனிடம், "டேய் துலுக்கானம், சட்டையைக் கழட்டுடா. உன்னுது இஸ்திரி போட்டது."

"அண்ணாத்தே, நடுரோட்ல எப்பிடி..."

"கழட்டுடான்றேன். என் பொண்ணு கல்யாணம்!"

டீக்கடைக்குப் பின்னால் போய் இரண்டு பேரும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். துலுக்கானத்தின் நீலச் சட்டை கஜபதிக்கு வயிற்றில் இறுக்கிப் பிடித்தது. பொத்தானைப் போட்டுக்கொண்டே வேகமாக வந்தார். சூரியன் முழுசாக இறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பழைய இடத்திலேயே உட்கார்ந்து, கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எங்க பாக்கணும்?" என்று கேட்டார்.

"என்னைப் பாருங்க" என்றாள் வசந்தகுமாரி.