பனிக்குள் தட்டுச் சத்தம்

போன மாதம் கொடைக்கானல் ஏரிக்கரையில் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நின்றேன். பனி இறங்கி எதிர்க்கரை மறைந்துவிட்டது. கடைக்காரர் கரண்டியால் தட்டைத் தட்டி யாரையோ கூப்பிட்டார். கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே விட்டுவிட்டேன். வயசாகிவிட்டது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் பஜ்ஜி விழுந்தது வயதால் இல்லை.

எண்பதுகளில் நான் அங்கே ஒரு ஸ்டூடியோவில் உதவியாள். தலை வெட்டுப்படாமல் படம் எடுத்தால் முதலாளி டீ வாங்கித் தருவார். நான் அதிகம் டீ குடித்ததில்லை. உருப்படியாக எடுத்தது ஒன்றுதான்: துடுப்போடு நிற்கும் ரோஸ்லின். கடைக் கண்ணாடியில் இருந்தது, பேப்பரிலும் வந்தது. சீசன் போட்டியில், கேனோ என்கிற அந்த ஒல்லிப் படகில் அவளை ஜெயிக்க ஆளில்லை. பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு வருகிறவர்கள்கூட நின்று, "நம்ம ரோஸ்லின் புள்ளல்ல!" என்பார்கள்.

விரலில் படம் கழுவுகிற ஹைப்போ மருந்து வாடையோடு காலையில் ஏரிக்குப் போவேன். அவள் அப்பா அருளப்பன், மிஷன் பள்ளிச் சமையல்காரர், கரையில் நின்று அலுமினியத் தட்டைத் தட்டிக்கொண்டிருப்பார். பனிக்குள் படகு தெரியாது. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். தட்டுச் சத்தத்தை வைத்து அவள் நேராக அவரிடம் வந்துவிடுவாள். பல கைகளாகப் பிரிந்து கிடக்கிற ஏரி அது. தப்பினால் எந்த மூலைக்கும் போய்விடலாம்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அந்த வருடம் எங்கள் ஏரியிலேயே நடந்தது. ஜெயித்தால் அணியில் இடம். தோற்றால் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஊரே கூடியது. அவள்தான் முன்னால் வந்தாள். பாதியில் பனி இறங்கிற்று.

எல்லைக் கோட்டுப் பக்கம் நின்று அருளப்பன் தட்டினார். அவர் எதற்குத் தட்டுகிறார் என்று ஊருக்கே தெரியுமே! பிள்ளைக்கு வழி தெரியட்டும் என்று ஒருத்தி டிபன்பாக்ஸ் மூடியைத் தட்டினாள். பிறகு ஏரியைச் சுற்றிலும் தட்டு, தம்ளர், கைதட்டல்.

"ரோஸ்லினு, இங்கிட்டு வா தாயி!"

"வெரசா வா புள்ள!"

"சும்மா இருங்கப்பா! எம்புள்ள எங்கிட்டாவது போயிரும்!" என்று அருளப்பன் கத்தினார். அந்த இரைச்சலில் யார் கேட்டார்கள்?

பனி விலகியபோது, எங்கள் பழக்கம் எதுவும் தெரியாத வெளியூர்ப் பெண் கரையை ஒட்டியே வந்து எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தாள். ரோஸ்லின் வேறொரு மூலையில் கோரைக்குள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஓடிப்போய் நின்றோம்.

"எல்லாரும் என்னயத்தான கூப்டீங்க. நான் எங்கிட்டுப் போக?" என்றாள்.

கல்யாணமாகி மலையிறங்கிப் போனவள் திரும்பவே இல்லை. பனி நாட்களில் அருளப்பன் மட்டும் வெள்ளனே வந்து தட்டுவார். நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவோம். அவரும் போய்ச் சேர்ந்தார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தப் படம் யாரிடமும் இல்லை. இப்போது பனி வந்தால் ஒலிபெருக்கியில் படகு நம்பரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

கடைக்காரர் தட்டுவதை நிறுத்தினார். பனிக்குள் எங்கோ துடுப்புச் சத்தம் கேட்டது போலிருந்தது. 'இங்கிட்டு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.