"உட்காருங்க" என்று சொன்ன குற்றம்

வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர் எங்களுடையது. ஆனால் மிலிட்டரி நர்சுக்கு ஆபீசர் பதவி உண்டு என்பது மட்டும் அங்கே ஒரு ஆம்பிளை காதிலும் ஏறவில்லை. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அறுபதுகளில் ஒருமுறை, மிலிட்டரி நர்சாக இருந்த நான் லீவில் வந்திருந்தபோது, மாதனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் பட்டாளம்தான், சாதாரண சிப்பாய். நான் தலையைக் குனிந்து காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டே, "அங்க உனக்கு இன்னாமா வேல? கட்டுப் போடுறதா?" என்று கேட்டார்.

"லெப்டினன்ட்டா இருக்கேங்க" என்றேன்.

மாப்பிள்ளை சட்டென்று எழுந்து, குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றுவிட்டார். காபி வேட்டியில் கொட்டியது. பாவம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மேலதிகாரி என்றதும் உடம்பு தானாக எழுந்துவிட்டது.

"டேய், உக்காருடா! பொண்ணு பாக்க வந்தியா, சல்யூட் அடிக்க வந்தியா?" என்று பெரியவர் கத்தினார். மகன் உட்காரவில்லை. உத்தரவுக்காக என் முகத்தையே பார்த்தார். வேறு வழியில்லாமல், "உட்காருங்க" என்றேன். உடனே உட்கார்ந்தார்.

மறுநாள் தரகர் வந்தார். "பொண்ணுக்கு அதிகாரம் ஜாஸ்தியாம். வேணாம்னுட்டாங்க."

"எல்லாம் உன் வாயாலதான் கெட்டுது" என்று என் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.