வளர்ந்த மேடும் காதர் பாய் வீட்டுப் படியும்

1. கணக்கு உதைத்தது

மூடிய குப்பைமேடு வளராது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். உள்ளே குப்பை மக்க மக்க மேடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, மேட்டின் மேல் அங்கங்கே கான்கிரீட் கற்களைப் பதித்திருப்போம். மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை லெவல் எடுப்போம், அதாவது அந்தக் கற்களின் உயரத்தை அளப்போம். கூடவே, குப்பை மக்கும்போது கிளம்பும் தீப்பிடிக்கிற கேஸையும் நிலத்தடித் தண்ணீரையும் சோதிப்போம். மேட்டை மூடிப் பல வருடங்கள் ஆனாலும் இது நிற்காது.

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருக்கும் எங்கள் மேடு அந்தக் கோடையில் வளர்ந்திருந்தது. ஏதோ ஒரு கல் மட்டுமல்ல, எல்லாக் கற்களும் உயர்ந்திருந்தன. அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணக்கு உதைத்தால் தப்பு என்மேல்தான் என்று நினைத்தே வளர்ந்தவன். திரும்ப எடுத்தேன். அதே ரீடிங். மெஷினைச் சோதித்தேன். சரியாக இருந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ஆபீசுக்குப் போய் மேடத்திடம் காட்டினேன். மயிலாப்பூர்க்காரர், எங்கள் சீனியர் இன்ஜினியர்.

"என்னப்பா இது? மேடு வளர்றதுங்கறே! உரம் கிரம் போட்டேளா?"

"ரெண்டு தடவை எடுத்தேன் மேடம்."

"ஸ்டாஃபைத் தலைகீழாப் பிடிச்சுண்டு நின்னானா தாமு?"

தாமு அண்ணன்தான் எனக்கு ஸ்டாஃப் என்கிற உயர அளவுகோலைப் பிடிப்பவர். வாசலில் நின்று கேட்டவர், நான் வெளியே வந்ததும் முறைத்தார். "நான் இன்னா, கோலத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா? இப்டியே யோசிச்சுக்கினு இருந்தா உன் தலையே வெடிச்சிரும். வா, டீ குடி."

2. பாய் வீட்டு மிஷின்

டீ எப்போதும் காதர் பாய் வீட்டில்தான். மேட்டைச் சுற்றிய வேலியை ஒட்டிய தெரு, முதல் வீடு. பாய் முன் அறையில் மிஷின் போட்டு, தி.நகர் கடைகளுக்கு பிளவுஸ் தைக்கிறவர். அவர் வீட்டு வாசலில் கருங்கல் படி ஒன்று உண்டு. அதில் சிவப்பு பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி. அதுதான் எங்கள் பெஞ்ச் மார்க்.

பெஞ்ச் மார்க் என்றால் அசையாத புள்ளி. மற்ற எல்லா உயரத்தையும் அதிலிருந்துதான் கணக்கிடுவோம். முதலில் அது ரோட்டுப் பாலத்துச் சுவரில் இருந்ததாம். ரோடு வேலையில் சுவர் போனதும், அப்போது இருந்தவர்கள் இந்தப் படிக்கு மாற்றிவிட்டார்கள். கல் கெட்டியானது, நிழல் இருக்கிறது, டீயும் கிடைக்கிறது. வேலிக்கு வெளியே இருப்பதால் குப்பைக்கும் வெளியேதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

"இன்னா நைனா, உன் மேடு மலையாய்டுச்சாமே?" பாய் சிரித்தார். "ஏற்காடு போற செலவு மிச்சம்."

சிரித்துக்கொண்டே, மிஷினின் ஒரு கால் அடியில் அட்டையை மடித்துச் சொருகினார். அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு அட்டை இருந்தது.

"ஏன் பாய்?"

"நூல்கண்டு உருண்டுனே போய்க்கினு கீது. கதவும் தேய்க்குது, பாதி கதவை இழைச்சே தீர்த்துட்டேன். மாடில ரூம் கட்டினதுலர்ந்து இந்த ரோதனை."

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

தாமு அண்ணனை இழுத்துக்கொண்டு ரயில் பாலத்துத் தூணுக்குப் போனேன். அது அசையாது, அதன் உயரம் எங்கள் பழைய பதிவிலும் இருக்கிறது. அதிலிருந்து லெவலை எடுத்துக்கொண்டு வந்தேன். மேட்டுக் கற்கள் இறங்கித்தான் இருந்தன, மிகக் கொஞ்சம். நன்றாக இறங்கியிருந்தது பாய் வீட்டுப் படி. மேடு வளரவில்லை. வீடு அமிழ்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக் குப்பைக்கு நாங்கள் போட்ட வேலி தெரியாது; அது பாய் வீட்டுக்கு அடியிலும் இருந்தது.

கேஸ் மீட்டரைப் பாய் வீட்டுக் கதவடி விரிசலில் வைத்தேன். அலாரம் கத்தியது.

3. எழுதுவதா, விடுவதா

"ஜன்னலைத் திறந்தே வைங்க பாய். முன் ரூம்ல நெருப்பு வேணாம், ஊதுவத்திகூட."

பாய் சிரிக்கவில்லை. "இத்த ரிப்போர்ட்ல எய்துவியா?"

"எழுதணும் பாய்."

"எய்தினா தூக்கினு போய் அம்மாந்தொலைவுல போட்டுருவானுங்க. எங்க அக்காவ அப்படித்தான் போட்டாங்க. பஸ்ல குந்தினு வர்ற நேரத்துல நாலு பிளவுஸ் தெச்சிருப்பா."

எனக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தையும் ஆற்றோரத்திலிருந்து அப்படித்தான் கொண்டுபோனார்கள். அப்பா அத்தோடு வேலைக்குப் போவதை விட்டார். எழுதாமல் விட்டால் ஒரு தீக்குச்சி போதும். எழுதினால் ஒரு லாரி போதும். எது கெடுதல் குறைவு என்று எனக்குப் புரியவில்லை. மேடத்திடம் கேட்டேன்.

"எழுதாம இருக்க முடியாது. எழுதினா அவாளை எங்கே கொண்டுபோய் விடுவான்னு எனக்கும் தெரியலை," என்றார்.

எழுதினேன். மேட்டின் மேல் கேஸை வெளியேற்றக் குழாய் போட்டிருப்பதுபோல் தெருவிலும் போட்டால் போதும், ஆட்களை நகர்த்தத் தேவையில்லை என்றும் சேர்த்தேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மேடம் அந்த வரியை அடிக்கவில்லை.

குழாய் வந்தது. தெருவை மறுபடி சர்வே செய்வார்கள் என்றும் தகவல் வந்தது. இதுவரை யாரையும் நகர்த்தவில்லை. நகர்த்த மாட்டார்கள் என்று எழுத்தில் யாரும் தரவும் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு நகர்ந்தால், நீங்கள் அசையாது என்று நம்புவதைப் போய்ப் பாருங்கள். அதன்மேல் யாராவது குடியிருக்கக்கூடும்.

பெஞ்ச் மார்க் இப்போது ரயில் பாலத்தில். பாய் வீட்டுப் படியும் நாங்கள் கவனிக்க வேண்டிய கற்களில் ஒன்றாகிவிட்டது. மழைக்குப் பிறகு அம்புக்குறியை அழித்து, மேட்டுக் கற்களின் வரிசையில் அடுத்த நம்பரைப் படியில் எழுதினேன். பாய் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அப்போ நாங்களும் இனிமே குப்பைல சேர்த்தியா நைனா?"

தாமு அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் ஏறி ஸ்டாஃபைப் பிடித்தார். நான் குனிந்து ரீடிங் பார்த்தேன்.