மஹ்ரூப் நானாவுக்கு ஓர் உறுதி அட்டை

கெலிஓயா கிருஷ்ணராஜ் மாஸ்டர் பின்லாந்தோடு பேசுவார், பிஜியோடு பேசுவார்; பக்கத்து வீட்டு மஹ்ரூபோடு பேசித்தான் ஒரு வருசம் ஆகிறது. பொழுதுபோக்காக வீட்டில் வைத்திருக்கும் அமெச்சூர் வானொலியிலும் நீட்டி முழக்குவதில்லை. பெயர்க்குறி, 'தெளிவாகக் கேட்கிறது', நன்றி. பிறகு, பேசியது உண்மைதான் என்று இரு தரப்பும் தபாலில் அட்டை அனுப்பிக்கொள்வார்கள். அந்த அட்டைகள் அலுமாரியை நிறைத்துவிட்டதில், மனைவி ஜெயராணியின் சேலைகள் தகரப் பெட்டிக்குக் குடிபோயிருந்தன.

மாஸ்டரின் குரல் தன் டீவிக்குள் புகுந்துவிடுகிறதென்று மஹ்ரூப் முறைப்பாடு செய்திருந்தார். வந்து பார்த்த தொலைத்தொடர்பு அதிகாரி, "ஆதாரம் கிடைத்தால் அன்டெனாவைக் கழற்ற வேண்டிவரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாஸ்டருக்குத் தூக்கமில்லை.

ஒருநாள் மஹ்ரூப் வேலியோரம் வந்து நின்றார்.

"மாஸ்டர், நேத்து மஃரிப் தொழுகைக்குப் பொறகு செய்தி வாசிக்கிற புள்ள வாயைத் தொறந்தா ஒங்கட சத்தம் வருது. பிரேசிலக் கூப்பிட்டீங்க."

மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "தெளிவா இருந்திச்சா நானா?"

"குசினிக்குள்ள சமைச்சிக்கிட்டிருந்த என்ட பொஞ்சாதி ரபீகாவுக்கே கேட்டிச்சி."

"இரைச்சல் ஏதும்?"

"ஒங்கட சத்தந்தான் இரைச்சல்."

கேட்டதாக யார் அறிவித்தாலும் அட்டை கொடுப்பது அந்த உலகத்து மரியாதை. மாஸ்டர் உள்ளே ஓடினார். திகதி, நேரம், அலைவரிசை எல்லாம் எழுதி, 'என் குரலைத் தாங்கள் கேட்டதை உறுதிசெய்கிறேன்' என்று கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி வேலிக்கு மேலால் நீட்டினார். மஹ்ரூப் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அதிகாரி அட்டையோடு வந்தார்.

"இது நீங்கள் எழுதியதா?"

"இல்லைன்னு சொல்லுங்களேன்" என்று ஜெயராணி பின்னாலிருந்து முணுமுணுத்தாள். சொந்த அட்டையை மறுப்பதா? மாஸ்டர் தலையாட்டினார்.

அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். "முறைப்பாட்டில் மாலை என்றிருக்கிறது. அட்டையில் பகல் ஒன்றேகால். நேரம் பொருந்தவில்லையே. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது."

ஜெயராணிக்கு மூச்சு வந்தது. தேத்தண்ணி வைக்கத் திரும்பினாள்.

மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை. தன் அட்டையில் பிழையா?

"பொருந்தும் சேர். நாங்க உலகப் பொது நேரந்தான் போடுவோம். ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பாருங்க."

அதிகாரி கூட்டிப் பார்த்தார். மாலை ஆறேமுக்கால்; சரியாக வந்தது. அன்டெனாவை இறக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டவர் மஹ்ரூப்.