மூட்டம் போட்ட நாளில் குறையும் பெட்ரோல்

பழுது பார்ப்பவனை யாரும் பழுது பார்க்கக் கூப்பிடுவதில்லை. தாங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் காரணத்துக்குத் தலையாட்டத்தான் கூப்பிடுகிறார்கள். மிக்சியோ, மோட்டாரோ, மனித உடம்போ, எதையாவது சரிசெய்து பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் ஏற்காட்டில் சின்ன எஞ்சின்கள் பார்க்கிறேன். எஸ்டேட்டுகளின் மருந்தடிக்கும் மெஷின், காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் மெஷின், ஜெனரேட்டர். ரிசார்ட்டுகள் பெருகிய பிறகு, ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியும் சேர்ந்துகொண்டது. அப்படி ஒரு வண்டியில், சுண்டுவிரல் நுழையுமளவு ரப்பர் வளையம் ஒன்று விரிசல் விட்டதால் நடந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூட்டு

கொட்டச்சேடு போகும் வழியில் உள்ள ரிசார்ட்டின் மேனேஜர் போன் செய்தார். புல்வெட்டியின் பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட வேண்டுமாம். ஊற்றுகிற பெட்ரோல் நிற்பதில்லை, வண்டி ஓட்டுகிறவள் எடுக்கிறாள் என்றார். அதை ஓட்டுகிறவள் செல்வி. வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், முன்பு காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தவள். அந்த ரிசார்ட்டின் புல்தரை சரிவாக இறங்கி சில்வர் ஓக் மரங்களில் போய் முடிகிறது. அந்தச் சரிவில் வண்டியைக் கவிழ்க்காமல் ஓட்ட அவளுக்கு மட்டும்தான் வரும். அவளுக்கு முன் ஓட்டிய தோட்டக்காரர் ஒருநாள் வண்டியோடு ஹைட்ரேஞ்சியா வேலிக்குள் புகுந்தார். அதிலிருந்து அவர் கத்தரிக்கோலைத் தாண்டி எதையும் தொடுவதில்லை.

ரிசார்ட்டுக்குப் போய் வண்டியின் சீட்டின் பக்கம் குனிந்தபோதே பெட்ரோல் வாடை வந்தது. சீட்டைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார் மேனேஜர். ஒரு காலத்தில் டேங்க் ஒழுகியது உண்மைதான், அதை டிரைவர் முருகேசன் எப்போதோ அடைத்துவிட்டார் என்று சொல்லி, ஷெட்டின் சிமென்ட் தரையைக் காட்டினார். தரை காய்ந்துதான் கிடந்தது. பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் வாடை வராமல் மல்லிகைப்பூ வாடையா வரும் என்றும் கேட்டார். பூட்டை நான் இன்னொரு நாள் கொண்டுவருவதாகச் சொல்லி நழுவப் பார்த்தேன். அவர் என் கார் வரை கூடவே வந்தார்.

“வண்டில ஒரு கோளாறும் இல்ல மெக்கானிக். கோளாறு அதுமேல உக்கார்ற ஆள்கிட்ட.”

சோற்றுப்பை

நான் வெளியே வந்த நேரம் செல்வியும் வேலை முடிந்து வாசலுக்கு வந்தாள். வாட்ச்மேன் அவளுடைய சோற்றுப்பையை வாங்கித் திறந்து, டிபன் பாக்ஸை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு சேலைக்கு மேல் அவள் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார். சட்டையில் பெட்ரோல் வாடை அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? டேங்க் அவள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேனேஜருக்கு அந்த வாடைதான் சாட்சி. வாட்ச்மேன் கெட்டவரில்லை. மோந்து முடித்ததும் பையைப் பதமாகக் கட்டித்தான் கொடுத்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

பஸ் வரும் வரை ரோட்டோரம் நின்று பேசினோம். கண்டக்டர் பஸ்ஸுக்குள் கேன் எதுவும் கொண்டுவருகிறாயா என்று கேட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்களாம். அதிலிருந்து அவள் படிக்கட்டுப் பக்கம் நின்றபடியே ஊர் போய்ச் சேர்கிறாள். காலையில் வேலையாட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், பெட்ரோல் எங்கே போகிறது என்று மேனேஜர் அவளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். இந்த மாசம் வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் நீ வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். வேறு வேலை கிடைக்காதா என்று நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன்.

“வேலை போனாப் போவுதுங்ணா. திருடிங்கற பேரோட போனா எந்த எஸ்டேட்ல என் கையில கூடையைக் குடுப்பாங்க?”

மூட்டத்தின் மறைவில்

பெட்ரோல் எல்லா நாளும் குறைவதில்லை, மூட்டம் போட்ட நாட்களில்தான் குறைகிறது என்று செல்வி சொல்லியிருந்தாள். வெயில் நாளில் ஊற்றியது சாயங்காலம் வரை கணக்காக நிற்கும். இது அவளுக்குச் சாதகமான விஷயம் என்று நம்பி, நான் அதை மேனேஜரிடம் போனில் சொன்னேன். எடுக்கிறவள் வானத்தைப் பார்த்தா எடுப்பாள், வண்டியில்தான் ஏதோ இருக்கிறது என்றேன்.

ஏற்காட்டில் மூட்டத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவோம். பஸ் வராதது, துணி காயாதது, போன் எடுக்காதது எல்லாம் அதன் கணக்குத்தான். ஆனால் மூட்டத்தைக் கூட்டாளியாகச் சேர்த்து ஒரு திருட்டுக் கேஸ் ஜோடித்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது.

“அதைத்தான் நானும் சொல்றேன். மூட்டம் போட்டா எதிர்ல நிக்கற ஆளே தெரியாது. திருடறதுக்கு அதைவிட நல்ல நேரம் ஏது?”

சோப்பு

பூட்டுப் போட டேங்க்கைக் கழற்றியாக வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மூட்டமான ஒரு நாளாகப் பார்த்துப் போனேன். டேங்க்கின் அடிப்பக்கம் ஒரு துளை இருக்கும். துளையில் ரப்பர் வளையம், அந்த வளையத்துக்குள் எஞ்சினுக்குப் போகிற குழாய். வளையத்தைச் சுற்றிலும் வெள்ளையாக ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு மோந்தேன். துணி துவைக்கிற சோப்பு. வழித்து எடுத்ததும் ரப்பரின் விரிசல் தெரிந்தது. அதிலிருந்து பெட்ரோல் நிதானமாகச் சொட்டியது.

மலைக்குக் கீழே, சமவெளியில் ஓட்டுகிற லாரி டிரைவர்கள் வழியில் டேங்க் ஒழுகினால் சோப்பை வைத்து அடைப்பார்கள். அதில் தப்பில்லை, சோப்பு பெட்ரோலில் கரையாது. தண்ணீரில் கரையும். ஏற்காட்டில் மூட்டம் போட்டால் புல் நனைந்து வண்டியின் அடியில் அப்பிக்கொள்ளும். அதனால் அந்த நாட்களில் மட்டும் வெட்டி முடித்ததும் பைப்பைப் பிடித்து வண்டியைக் கழுவுவார்கள். சோப்பு போய்விடும், மறுபடி ஒழுகும். சேலத்திலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிவருகிற முருகேசன், மேலே வரும்போதெல்லாம் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து, புதுச் சோப்பு வைத்துவிட்டுப் போவாராம். அதனால்தான் மேனேஜர் பார்க்கிறபோதெல்லாம் தரை காய்ந்திருக்கிறது. இதை முருகேசனே என்னிடம் ஒரு மறைப்பும் இல்லாமல் சொன்னார். தன் கைவேலையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. செல்வி மேல் பழி விழுந்திருப்பது தெரியுமா என்றேன். தெரியும் என்றார். பிறகு ஏன் மேனேஜரிடம் சொல்லவில்லை என்றேன்.

“நீங்க கேட்டீங்க, சொன்னேன். அவரு கேக்குலீங்களே.”

டேங்க்கோடுதான் வரும்

பழைய ரப்பரில் பிய்ந்து வந்த ஒரு பகுதியை அளவுக்காகப் பேப்பரில் மடித்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கினேன். முதல் கடையில், ரப்பர் தனியாக வராது, டேங்க்கோடு மாற்றினால் நிம்மதியாக இருக்கும் என்றார்கள். யாருக்கு நிம்மதி என்பது விலையைச் சொன்னதும் புரிந்தது. அடுத்த கடையில் சைக்கிள் டியூபை வெட்டிச் செருகச் சொன்னார்கள். சாதா ரப்பர் பெட்ரோலில் ஊறினால் தண்ணீரில் போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். இது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே சொல்கிறார்கள்.

கடைசியில் ஜெனரேட்டர் சாமான் விற்கிற சின்னக் கடை ஒன்றில் அதே அளவு வளையம் இருந்தது. இரண்டாக வாங்கினேன், ஒன்றைப் பெட்ரோலில் ஊறப்போட்டுப் பார்க்க. கடைக்காரர் அதைப் பொட்டலம் கட்டக்கூட இல்லை, அப்படியே உள்ளங்கையில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, இத்தனூண்டு ரப்பருக்கா மலையிலிருந்து எறங்கி வந்தீங்க?”

சரிவில்

ஊறப்போட்டது உப்பவில்லை. மறுநாள் டேங்க்கைக் காலி செய்து, ஒட்டியிருந்த சோப்பை எல்லாம் கழுவித் துடைத்துக் காயவைத்தேன். பழைய வளையத்தின் மிச்சம் நெம்பியதும் துண்டு துண்டாக வந்தது. புதியதில் ஒரு சொட்டு ஆயில் தடவி, துளையின் உள்ளும் வெளியும் விளிம்பு சரியாக உட்கார்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்த்து, குழாயைச் செருகினேன். வேலை அவ்வளவுதான். இதற்கிடையில் நான் பூட்டுப் போடமாட்டேன் என்று புரிந்துகொண்ட மேனேஜர், முருகேசனை விட்டு மூடிக்கு ஒரு பூட்டை மாட்டச் செய்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஷெட் தரையில் வைத்துப் பார்த்தால் போதும் என்றார் மேனேஜர். முடியாது என்றேன். மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. செல்வி வண்டியைச் சரிவில் குறுக்காக ஓட்டினாள், மேலேயிருந்து சில்வர் ஓக் வரைக்கும், திரும்பவும். சத்தம் மட்டும் வந்தது, ஆள் தெரியவில்லை. வண்டி வந்ததும் பைப்பைப் பிடித்துக் கழுவி, துடைத்து, அடியில் காகிதத்தை விரித்து வைத்தேன். காகிதம் நனையவில்லை. செல்வி குனிந்து பார்க்கவில்லை. தன் சட்டைக் கையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

“நாளைக்கு இதைத் தொவச்சுப் போட்டுட்டு, பஸ்ல உக்காந்துட்டுப் போவேனுங்ணா.”

பூட்டின் பெருமை

அதன்பிறகு மூட்டம் தொடர்ந்து போட்டது, பெட்ரோல் குறையவில்லை. மேனேஜர் தானாகவே போன் செய்து, பூட்டுப் போட்டதும் திருட்டு நின்றுவிட்டது என்றார். நான் காரை எடுத்துக்கொண்டு போய், விரிசல் விட்ட ரப்பர் துண்டுகளை அவர் மேஜையில் வைத்தேன். சோப்புக் கதையையும் முதலிலிருந்து சொன்னேன். பேனா முனையால் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தார். நியாயமான மனிதர் என்று தன்னை நினைத்துக்கொள்கிறவரின் முகம்.

“இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனாலும் பூட்டுன்னு ஒண்ணு இருந்தா ஆளுங்களுக்கு ஒரு பயம் இருக்கும்ல.”

புல் வளர்ந்தது

அதற்குப் பிறகும் செல்வி வேலைக்கு நேரத்துக்கு வந்தாள். களை பிடுங்கினாள், சருகு கூட்டினாள். வண்டியில் மட்டும் ஏறவில்லை. எல்லோரும் நிற்கும்போது மேனேஜர் கேட்டதை எல்லோரும் நிற்கும்போதே இல்லையென்று சொல்ல வேண்டும், அதன்பிறகு ஏறுகிறேன் என்றாள். தான் திருடி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை, சொல்லாததை எப்படித் திரும்பப் பெறுவது என்றார் மேனேஜர். மழைக்காலம் என்பதால் புல் கணுக்காலைத் தாண்டியது. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க வருவதாக இருந்தார்கள். தோட்டக்காரரை வண்டியில் ஏறச் சொன்னதற்கு அவர் ஹைட்ரேஞ்சியா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் எஞ்சின் மட்டும்தான் பார்க்கிறேன் என்றேன்.

பிளேடின் பெல்ட்டைப் பார்க்க நான் போயிருந்த காலையில், வேலையாட்கள் வரிசையில் நின்றார்கள். மேனேஜர் தன் போனைப் பார்த்தபடி, வண்டியில் ஒரு ஒழுகல் இருந்தது, சரியாகிவிட்டது, யாருக்கும் யார் மேலும் வருத்தம் வேண்டாம் என்றார். செல்வி நகரவில்லை. என் பேர் அதில் வரவில்லையே என்றாள். மேனேஜர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு அவர், செல்வி பெட்ரோல் எடுக்கவில்லை என்று, காப்பி கேட்கிற குரலில் சொன்னார். எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. அவளுக்குத் தோன்றவில்லை.

“நொம்ப மெதுவாச் சொல்றீங்க சார். வாசல்ல நிக்கற வாட்ச்மேன் அண்ணனுக்குக் கேக்குலீங்க, இன்னொருக்காச் சொல்லிப்போடுங்க.”

இந்தத் தொழிலில் ஒழுகலைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, ஒழுகியதை ஒப்புக்கொள்ள வைப்பது மீதி வேலை, அதற்கு மட்டும் எந்தக் கடையிலும் ஸ்பேனர் விற்பதில்லை.